மருந்து பகையாவது எங்ஙனம்?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. மருந்துக்கும் அது பொருந்தும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அளவு சிறிதும் மிஞ்சாமல், மருத்துவர் எழுதிக் கொடுத்தபடியே வேளை தவறாது உட்கொண்ட மருந்து, ஒருவரது உடலில் தீ மூட்டிவிடுவதும் உண்டு. ஒரே மருந்தை ஒரே அளவில் பலர் உண்கின்றனர். பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர். ஓரிருவர் மட்டும் காய்ச்சலும் தடிப்பும் காமாலையுமாய்ப் படுத்துவிடுகின்றனர். குற்றம் மருந்தினுடையதா? கொடுத்தவருடையதா? உண்டவரின் உடலினுடையதா? இக்கேள்விக்கு விடை காண மருத்துவ உலகம் நூறாண்டுகளுக்கும் மேலாக முயன்று வந்துள்ளது. அவ்விடையின் பெரும்பகுதி இன்று நமக்குக் கிடைத்துள்ளது. நம் குடும்பங்கள் அதை அறிந்து வைத்தல் உயிர் காக்கும் செயலாகும்.

பங்கு இல்லங்களுக்குச் செல்லுங்கால், "எனக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளாது, சாமி" என்று கூறுவோர் பலரை நாம் காண்கிறோம். "எந்த மாத்திரை, அம்மா?" என்று வினவினால், "அதுதான், வெள்ளையாய் வட்டமாய் இருக்குமே!" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி. இம்மறுமொழியில் எத்துணைப் பெரிய ஆபத்து மறைந்திருக்கிறது என்பதை, இக்கட்டுரையைப் படித்து முடிக்கும்போது வாசகர்கள் தாமே உணர்வர்.

ஒவ்வாமை என்னும் பெயர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னா நகரில் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே, பேலா ஷிக் என்னும் இரு குழந்தை மருத்துவர்கள் பணியாற்றி வந்தனர். தொண்டை அடைப்பான் நோயுற்ற குழந்தைகளுக்கு, அந்நாளில் குதிரையின் குருதியினின்று பிரித்தெடுத்த 'சீரம்' என்னும் தெளிநீரை ஊசி வழியே செலுத்துவர். அதனால் பிழைத்த குழந்தைகள் பலர். ஆனால், ஊசி போட்டு ஒரு வாரமோ பத்து நாளோ சென்றபின், சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் கண்டது, உடலெங்கும் தடிப்பு எழுந்தது, நெறி கட்டியது, மூட்டுகள் வலித்தன. அதே குழந்தைக்குப் பின்னொரு நாள் மீண்டும் சீரம் செலுத்தினால், அத்தொல்லை முன்னிலும் விரைந்து வந்தது.

சீரம் நஞ்சாயிருப்பின் அது எல்லாரையும், அதுவும் உடனேயே, வருத்த வேண்டும் அன்றோ? சில நாள் கழித்து ஒரு சிலரை மட்டும் வருத்துவது ஏன்? இரண்டாம் முறை விரைவது ஏன்? நோயை உண்டாக்குவது சீரம் மட்டும் அன்று, அதை எதிர்த்து உடலே நிகழ்த்தும் போர்தான் என அவ்விருவரும் தெளிந்து, 1905-ல் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். மறு ஆண்டு பிர்கே இந்நிலைக்கு 'அலர்ஜி' என்று பெயர் சூட்டினார். 'வேறுபட்ட செயல்' என்னும் பொருள்படக் கிரேக்கச் சொற்களினின்று அவர் அதை அமைத்தார். நாம் அதை ஒவ்வாமை என்கிறோம்.

ஆனால் இங்கே ஒரு புதிர் எழுந்தது. குதிரையின் சீரத்தில் உள்ளவை பெரும் புரதங்கள். நம் குருதியில் காவல் புரியும் வெள்ளையணுக்கள் அத்தகைய பெரிய பொருள்களை அயலான் என அடையாளம் காண வல்லவை. மருந்துகளோ மிகச் சிறியவை. பென்சிலின் மூலக்கூற்றின் எடை ஏறத்தாழ 334. நம் குருதியில் உள்ள ஆல்புமின் என்னும் புரதத்தின் எடை 66,000-க்கும் மேல். யானைக்கு முன் எலி போன்ற இச்சிறு பொருளைக் காவலர் கண்ணெடுத்தும் பாரார். அங்ஙனமாயின், மாத்திரைக்கு ஒவ்வாமை தோன்றுவது எப்படி?

புதிரை அவிழ்த்தவர்

விடை தந்தவர் கார்ல் லேண்ட்ஸ்டைனர். 1868-ல் வியன்னாவில் பிறந்த இவரே மனிதக் குருதியின் வகைகளைக் கண்டறிந்தவர். அதற்காக 1930-ல் நோபல் பரிசு பெற்றவர். முதல் உலகப் போருக்குப் பின் வியன்னாவில் வறுமை தலைவிரித்தாடியது. ஆய்வுக்கு வழியின்றி, 1919-ல் ஹாலந்து நாட்டின் தி ஹேக் நகருக்குச் சென்று, அங்கே சிறியதொரு கத்தோலிக்க மருத்துவமனையில் அவர் பணியேற்றார். வசதி குறைந்த அவ்விடத்திலிருந்தே பன்னிரண்டு ஆய்வுரைகளை வெளியிட்டார். 'ஹாப்டென்' என்னும் சொல்லை மருத்துவ உலகுக்கு அவர் வழங்கியது அக்காலத்தில்தான். கிரேக்க மொழியில் அதன் வேர் 'பற்றிக்கொள்' என்று பொருள்படும்.

அவர் கண்ட உண்மை இதுவே: சிறு பொருள் தனித்து நின்று காவலரை எழுப்ப இயலாது, ஆனால் அது ஒரு புரதத்தை இறுகப் பற்றிக்கொண்டால், அக்கூட்டுப் பொருளைக் காவலர் அயலானாகக் கருதுவர். ஒருமுறை அவ்வாறு கருதிவிட்டால், அடுத்த முறை அதைக் கண்டதும் பாய்வர். பின்னர் நியூயார்க்கு நகரின் ராக்கஃபெல்லர் ஆய்வு நிலையத்தில், ஜான் ஜேக்கப்ஸ் என்பாருடன் சேர்ந்து கினிப்பன்றிகளின் தோலில் பல வேதிப்பொருள்களைத் தடவிச் சோதித்தார். புரதத்தோடு எளிதில் பிணையும் தன்மையுடைய பொருள்களே தோலில் ஒவ்வாமையை விளைவித்தன. பிணையாதவை வாளா இருந்தன. இச்சோதனை 1935-ல் வெளியாயிற்று.

நாம் வயல் வரப்பில் நடந்து செல்கையில் நாயுருவியின் விதைகள் வேட்டியில் ஒட்டிக்கொள்கின்றன. தரையில் கிடக்கும் விதையை எவரும் நோக்குவதில்லை. ஆனால் வேட்டி முழுதும் அப்பிக்கொண்டு, முகத்திலும் தலையிலும் ஒட்டிக்கொண்டு, வீட்டுத் தலைவரே உருமாறி இருளில் வந்து நின்றால், வளர்த்த நாயும் அவரை அறியாது குரைக்கும், கடிக்கவும் பாயும். மருந்தினால் விளையும் ஒவ்வாமையும் இத்தகையதே. காவலரின் சினம் விதையின்மேல் எழுந்தாலும், கடிபடுவது வீட்டுத் தலைவர்தாம். அதாவது, நம் சொந்த உயிரணுக்களே.

தானே ஒட்டுவதும் மாறியபின் ஒட்டுவதும்

ஒட்டிக்கொள்ளும் பொருள்களில் இரு வகை உண்டு. சில, உள்ளே நுழைந்தபடியே ஒட்டவல்லவை. பென்சிலின் இவ்வகையைச் சார்ந்தது. அதன் நடுவே நான்கு அணுக்களால் ஆன ஒரு வளையம் உண்டு. வலிந்து வளைத்த மூங்கிலைப்போல் அது எந்நேரமும் தெறிக்கக் காத்திருக்கும். கிருமியின் சுவரை அழிப்பதும் அவ்வளையமே. தெறித்து நம் புரதத்தைப் பற்றிக்கொள்வதும் அவ்வளையமே. நோய் தீர்க்கும் ஆற்றலும் ஒவ்வாமை விளைக்கும் ஆற்றலும் ஒரே இடத்தினின்று பிறக்கும் விந்தையை இங்கே காண்கிறோம்.

மற்றொரு வகைப் பொருள்கள் முதலில் சாதுவாக இருக்கும். உடல் அவற்றை மாற்றியமைக்கும்போதுதான் ஒட்டும் குணம் பெறும். நம் நாட்டிலேயே இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. துணிகளில் அழியாத குறியிடச் சலவைத் தொழிலாளர் பயன்படுத்திய சேங்கொட்டையை முதியோர் அறிவர். அதன் சாறு பட்ட துணியை உடுத்தியவருள் சிலருக்கு, குறி பட்ட இடத்திலேயே தோல் கொப்புளித்துப் புண்ணாகும். அச்சாற்றில் உள்ள பொருள் தோலினுள் உயிர்வளியோடு கூடி மாற்றம் அடைகிறது; மாறிய பொருளே புரதத்தோடு பிணைந்து ஒவ்வாமையை எழுப்புகிறது. தலைமயிருக்கு இடும் கருஞ்சாயம் சிலருக்குத் தோலில் எரிச்சலும் வீக்கமும் உண்டாக்குவதும் பெரும்பாலும் இவ்வழியே.

தோலில் சிறிதளவு நிகழும் இம்மாற்றம், பேரளவில் நிகழும் இடம் ஒன்று உண்டு. அதுவே கல்லீரல்.

கல்லீரல் செய்யும் தொண்டு

நாம் உண்ணும் மருந்துகளுள் பல எண்ணெயில் கரையும் இயல்புடையவை. நீரில் எளிதில் கரையா. நீரில் கரையாத பொருளைச் சிறுநீரகம் வெளியேற்ற இயலாது. அவை உடலிலேயே தங்கிவிட்டால் என்னாகும்? ஆகவே கல்லீரலில் உள்ள நொதிகள் மருந்தோடு உயிர்வளியைச் சேர்த்து, அதை நீரில் கரையும் பொருளாக மாற்றுகின்றன. இது ஓயாது நடைபெறும் பெருந்தொண்டு.

ஆனால் இம்மாற்றத்தின் இடைப்படியில், சில மருந்துகள் நாயுருவி விதையைப்போல் எதையும் பற்றிக்கொள்ளும் வெறி கொண்ட பொருளாகத் திரிகின்றன. அப்படிப்பட்ட திரிபுப் பொருளை அமைதிப்படுத்தக் கல்லீரலில் வேறொரு காவலும் உண்டு. கந்தகம் அடங்கிய குளூட்டாதயோன் என்னும் சிறு பொருள், திரிபுப் பொருளைத் தன்னோடு அணைத்துக்கொண்டு வெளியேறிவிடுகிறது. பெரும்பாலோரிடம் கதை இத்துடன் நலமாக முடிகிறது. அணைப்பிற்குத் தப்பிய திரிபுப் பொருளே அருகிலிருக்கும் புரதங்களைப் பற்றுகிறது.

காய்ச்சலுக்கு நாம் எல்லாரும் உண்ணும் பாராசிட்டமால் இதற்குச் சான்று. அதிலும் சிறிதளவு இவ்வாறு திரிகிறது. உரிய அளவில் உண்டால் குளூட்டாதயோன் அதை அடக்கிவிடும். அளவு மிகுந்தால் குளூட்டாதயோன் தீர்ந்துபோய், திரிபுப் பொருள் கல்லீரலின் புரதங்களைப் பற்றி, உயிரணுக்களை நேரடியாக அழிக்கும். இதை 1973-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் விளக்கினர். இது அமிர்தமும் நஞ்சாகும் வகை, அளவைப் பொறுத்தது, எவருக்கும் நேரக்கூடியது. நாம் பேசிக்கொண்டிருப்பதோ வேறு வகை. இதில் அளவு முறையாக இருந்தும், ஒரு சிலரின் காவலர் மட்டும் போர் தொடுக்கின்றனர்.

தொழுநோயாளரைக் காத்த மருந்து

இவ்வகைக்கு டாப்சோன் என்னும் மருந்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை எனலாம். 1908-ல் ஜெர்மனியில் வேதியியலார் இருவர் இதை ஆக்கினர்; மருந்தாக அன்று, வெறும் வேதிப்பொருளாகவே. பல்லாண்டு அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1941-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் கை ஃபாஜெட் என்னும் மருத்துவர், டாப்சோனினின்று ஆக்கப்பட்ட மருந்தை நோயாளருக்குக் கொடுக்கத் தொடங்கினார். 1896 முதல் அம்மருத்துவமனையில் நோயாளரைப் பேணி வந்தவர்கள் புனித வின்சென்ட் தே பவுலின் பிறரன்புப் புதல்வியர். அதன் பின்னர், 1940-களின் பிற்பகுதியில், நம் செங்கற்பட்டில் இராபர்ட் காக்ரேன் என்னும் மருத்துவர் டாப்சோனையே ஊசி மருந்தாகப் பயன்படுத்தினார். நைஜீரியாவில் ஜான் லோ என்பார் அதை மாத்திரையாகவே கொடுத்து நற்பயன் கண்டார்.

அதுவரை நீரடிமுத்து எண்ணெயை ஊசி வழியே செலுத்துவது தவிர வேறு வழியறியாது இருந்த தொழுநோயாளருக்கு, மலிவான இம்மாத்திரை மறுவாழ்வு தந்தது. 1981-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையிலும் டாப்சோனுக்கு இடம் உண்டு. இன்றும் அது கொடுக்கப்படுகிறது.

ஆனால் லோவும் அவருடன் பணியாற்றிய ஸ்மித்தும் 1949-லேயே ஒன்றைக் கவனித்து எழுதினர். மருந்து உண்ணத் தொடங்கிச் சில வாரங்கள் சென்றபின், ஒரு சிலருக்குக் கடுங்காய்ச்சல் வந்தது, தோலில் செந்தடிப்பு படர்ந்தது, நெறி கட்டியது, கல்லீரல் வீங்கிக் காமாலை கண்டது. 1951-ல் வேறிரு மருத்துவர்கள் இதற்கு 'டாப்சோன் நோய்க்குறித் தொகுதி' எனப் பெயரிட்டனர். டாப்சோன் உண்போரில் நூற்றுக்கு 0.5 முதல் 3.6 பேர் வரை இதற்கு ஆளாகின்றனர் என்றும், ஆளானோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இறக்கின்றனர் என்றும் பின்னாளைய ஆய்வுகள் கணக்கிட்டுள்ளன.

உடலினுள் நிகழ்வது என்ன? கல்லீரல் டாப்சோனை இரு வழிகளில் மாற்றுகிறது. ஒரு வழியில் அது தீங்கற்ற பொருளாகிறது. மற்றொரு வழியில் உயிர்வளி சேர்ந்து ஹைட்ராக்சிலமீன் என்னும் திரிபுப் பொருள் உண்டாகிறது. அது மேலும் மாறி நைட்ரசோ வடிவம் கொள்கிறது. இந்நைட்ரசோ வடிவமே புரதங்களின் கந்தகப் பக்கத்தை இறுகப் பற்றுகிறது. பற்றப்பட்ட புரதத்தைக் கண்ட வெள்ளையணுக்கள் அதற்கெதிராகப் பெருகத் தொடங்குகின்றன. அவை பெருகிப் படையாகத் திரளச் சில வாரங்கள் ஆகும். அதனாலேயே முதல் மாத்திரையன்று ஒன்றும் நேர்வதில்லை. நாலைந்து வாரங்களுக்குப் பின்னர் புயல் எழுகிறது. பலருக்கும் பழகிய சல்ஃபமெதாக்சசோல் என்னும் சல்ஃபா மருந்தும் இதே பாதையில் திரிந்து, இதே போன்ற துன்பத்தைச் சிலருக்குத் தருகிறது.

இக்கால இடைவெளிதான் குடும்பங்களை ஏமாற்றுகிறது. "ஒரு மாதமாக இதே மாத்திரையைத்தானே தின்கிறேன், இதனாலா வரப்போகிறது?" என்று நோயாளி எண்ணுகிறார். தடிப்பைக் கண்டு "அம்மை போட்டிருக்கிறது" என்று வேப்பிலை செருகுகின்றனர். காமாலையைக் கண்டு கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கின்றனர். இவற்றுக்கிடையே, நோய்க்குக் காரணமான மாத்திரையும் வேளை தவறாமல் உள்ளே சென்றுகொண்டிருக்கிறது. ஒரு மாதமாய் ஒத்துக்கொண்ட மருந்து இனி ஒன்றும் செய்யாது என்னும் எண்ணம் தவறானது. புதிதாய்த் தொடங்கிய மருந்தை முதல் இரண்டு மாதங்கள் வரை கவனித்தே ஆகவேண்டும்.

இரண்டாம் முறை

காவலரின் நினைவாற்றல் எத்துணை வலியது என்பதை ஹாலோதேன் என்னும் மயக்க மருந்தின் வரலாறு காட்டுகிறது. அது 1956-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் முதன்முதல் நோயாளருக்குக் கொடுக்கப்பட்டது. முன்னிருந்த ஈதரைப்போல் தீப்பற்றாது, நோயாளிக்கும் இதமானது. ஆகவே உலகெங்கும் பரவியது. ஆனால் அறுவை முடிந்து சில நாள்களில் மிகச் சிலருக்குக் காமாலை தோன்றிக் கல்லீரல் முற்றும் அழிந்தது. ஆராய்ந்தபோது, அவர்களில் பலர் முன்பே ஒருமுறை ஹாலோதேன் பெற்றவர்கள் எனத் தெரிந்தது. முதல் முறை வெறும் காய்ச்சலோடு போயிருந்தது. இரண்டாம் முறை உயிரையே கேட்டது.

உட்சென்ற ஹாலோதேனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கல்லீரலில் மாற்றப்படுகிறது. அங்ஙனம் பிறக்கும் திரிபுப் பொருள் கல்லீரலின் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. நோயுற்றவர் குருதியில், அவ்வாறு ஒட்டப்பட்ட புரதங்களை எதிர்க்கும் எதிர்ப்பொருள்களை ஆய்வாளர் கண்டனர். பின்னர் வந்த ஐசோஃபுளூரேன் என்னும் மயக்க மருந்தில் உடல் மாற்றுவது ஆயிரத்தில் இரு பங்கு மட்டுமே. திரிபு குறைந்தது, அதனால் விளையும் கல்லீரல் கேடும் மிக அரிதாயிற்று. ஒட்டும் திரிபுப் பொருளே குற்றவாளி என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

ஏன் சிலருக்கு மட்டும்?

டாப்சோன் உண்ணும் எல்லாருடைய உடலிலும் ஓரளவு திரிபுப் பொருள் பிறக்கத்தான் செய்கிறது. ஆயினும் எல்லாரும் நோயுறுவதில்லை. இதற்கு விடை நம் பிறப்போடு வந்த ஓர் உறுப்பில் இருக்கிறது. நம் உயிரணு ஒவ்வொன்றும் தன்னுள் உள்ள புரதத்தின் துணுக்குகளை, சிறு தாம்பாளத்தில் ஏந்தியதுபோல், வெளியே நீட்டிக் காவலருக்குக் காட்டுகிறது. இத்தாம்பாளத்துக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். அதன் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடும். தாய் தந்தையரிடமிருந்து வழிவழியாய் வருவது அது.

2013-ல் சீன ஆய்வாளர்கள், டாப்சோன் நோய்க்கு ஆளானவர்களிடம் எச்.எல்.ஏ.-பி 13:01 என்னும் வடிவம் மிகுதியாய் இருப்பதைக் கண்டறிந்தனர். அவ்வடிவம் ஐரோப்பியரிடமும் ஆப்பிரிக்கரிடமும் ஏறக்குறைய இல்லை. இந்தியரில் நூற்றுக்கு 1 முதல் 12 பேர் வரை அதை உடையவர்கள். சீனாவில் முன்கூட்டியே குருதியைச் சோதித்து, அவ்வடிவம் உடையோருக்கு டாப்சோன் கொடாது விட்டனர். மருந்தைப் பெற்ற ஏனையோரிடம் அந்நோய் தோன்றவில்லை என 2019-ல் அறிவித்தனர். இதைப்போன்றே, வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமாசிபினால் தோல் உரிந்துபோகும் கொடிய நோய்க்கும் எச்.எல்.ஏ.-பி 15:02 என்னும் வடிவத்துக்கும் உள்ள தொடர்பைத் தைவான் ஆய்வாளர்கள் 2004-ல் கண்டனர்.

அறிவியலாரிடையே இன்னும் கருத்து வேறுபாடுகள் உண்டு என்பதையும் கூறிவிட வேண்டும். புரதத்தில் ஒட்டிய மாத்திரத்தில் ஒவ்வாமை எழுந்துவிடுவதில்லை. பாராசிட்டமாலின் திரிபும் ஒட்டத்தான் செய்கிறது, எனினும் அதனால் ஒவ்வாமை அரிதே. உயிரணு சேதமுற்று அபயக்குரல் எழுப்பும்போதுதான் காவலர் எழுவர் என 1994-ல் பாலி மாட்சிங்கர் என்னும் அம்மையார் ஒரு கொள்கையை முன்வைத்தார். சில மருந்துகள் புரதத்தில் ஒட்டாமலேயே, பூட்டில் நுழையும் சாவிபோல் தாம்பாளத்திலோ காவலரின் கையிலோ பொருந்திப் போரைத் தூண்டலாம் என்பது சுவிட்சர்லாந்தின் வெர்னர் பிஷ்லர் கருத்து. மருந்துக்கு மருந்து வழி வேறுபடலாம் என்பதே பொதுவாக ஏற்கப்படும் முடிவு.

குடும்பங்கள் செய்யத் தக்கவை

இவ்வளவும் அறிந்தபின் நாம் செய்ய வேண்டுவன யாவை?

முதலாவது, அபாயக் குறிகளை அறிந்துகொள்ளுதல். புதிய மருந்து தொடங்கிய எட்டு வாரங்களுக்குள் காய்ச்சலோடு கூடிய தடிப்பு, முகவீக்கம், வாயிலும் கண்ணிலும் பிறப்புறுப்பிலும் புண், தோலில் கொப்புளமோ உரிதலோ, கண் மஞ்சளித்தல் ஆகியவற்றில் எது தோன்றினும், அடுத்த வேளை மாத்திரையை விழுங்குமுன் மருத்துவரைக் காண வேண்டும். நாளைக்கு எனத் தள்ளுதல் ஆகாது. ஊசியோ மாத்திரையோ பெற்ற சிறிது நேரத்தில் மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால், அந்நொடியே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வலிப்பு மருந்துகள், சல்ஃபா மருந்துகள், டாப்சோன், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் ஆகியவற்றைத் தொடங்குவோர் இதில் தனிக்கவனம் கொள்வது நன்று. ஊசிக்கு முன் கையில் சிறிது குத்திப் பார்க்கும் சோதனை, வாரங்கள் கழித்து வரும் இவ்வகை நோயை முன்னறிவிக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, அச்சத்தால் மருந்தைத் தாமே நிறுத்திவிடாதிருத்தல். தொழுநோய்க்கும் காசத்துக்கும் வலிப்புக்கும் உண்ணும் மருந்தைக் காரணமின்றி விட்டால், பழைய நோய் தலைதூக்கும். மருத்துவர் ஒரு மருந்தை விலக்கினால் அதற்கு ஈடாக வேறொன்றைத் தருவார். டாப்சோன் ஒத்துக்கொள்ளாத தொழுநோயாளருக்கும் வேறு மருந்துகள் உண்டு. கோடிக்கணக்கானோரை நலமாக்கிய மருந்தை, ஒரு சிலருக்கு நேர்ந்ததைக் கேட்டு எல்லாரும் வெறுப்பது அறிவுடைமை ஆகாது.

மூன்றாவது, ஒவ்வாமை அல்லாததை ஒவ்வாமை என்னாதிருத்தல். மாத்திரை உண்டபின் வயிறு குமட்டுவதும் பேதியாவதும் பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல. அமெரிக்க நாட்டில் பத்தில் ஒருவர் தமக்குப் பென்சிலின் ஆகாது என்கின்றனர். முறையாகச் சோதித்தால் அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அதை ஏற்கக்கூடியவர்களே. உண்மையில் ஒவ்வாமை இருந்தோரிலும், பத்தாண்டுகள் சென்றபின் எண்பது விழுக்காட்டினரிடம் அது மறைந்துவிடுகிறது. தவறான பட்டம் சூட்டிக்கொண்டவர்கள் எளிய, மலிவான, நல்ல மருந்தை இழந்து, விலை மிகுந்ததும் வலிமை மிகுந்ததுமான வேறு மருந்துகளை நாட நேர்கிறது. ஐயம் இருப்பின் அதை மருத்துவரே சோதித்து நீக்கவேண்டும். வீட்டில் சோதித்துப் பார்த்தல் கூடவே கூடாது.

நான்காவது, எல்லாவற்றினும் இன்றியமையாதது, மருந்தின் பெயர். ஒவ்வாமை உறுதியானால், அம்மருந்தின் பெயரை மருத்துவரிடமே எழுதி வாங்க வேண்டும். வணிகப் பெயர் மட்டும் போதாது. ஒரே சல்ஃபா மருந்து கடைக்குக் கடை செப்ட்ரான் என்றும் பாக்ட்ரிம் என்றும் வேறு பல பெயர்களிலும் கிடைக்கிறது. ஒரு பெயருக்கு அஞ்சி ஒதுங்கியவர், மறுபெயரில் அதே மருந்தை விழுங்கக்கூடும். நம் நிறுவனப் பெயர்கள் காவலருக்குத் தெரியா. அவர்கள் நினைவில் வைத்திருப்பது ஒட்டிய பொருளின் உருவத்தை மட்டுமே. மருந்தின் பொதுப்பெயர், உண்ட நாள், எத்தனையாம் நாள் தொல்லை தொடங்கியது, என்ன குறிகள் தோன்றின என்பவற்றை ஒரு தாளில் எழுதி, திருமுழுக்குச் சான்றும் குடும்ப அட்டையும் வைத்திருக்கும் பெட்டியிலேயே வைத்துவிடலாம். அதன் படி ஒன்று நோயாளியின் சட்டைப் பையிலோ கைப்பையிலோ எப்போதும் இருத்தல் வேண்டும். மயங்கி விழுந்தவர் தம் மருந்தின் பெயரைச் சொல்ல இயலாது அன்றோ?

ஐந்தாவது, கொடிய ஒவ்வாமை நேர்ந்தவரின் உடன்பிறந்தாரும் மக்களும் அச்செய்தியைத் தம் மருத்துவரிடம் கூறுதல் நலம். தாம்பாளத்தின் வடிவம் குடும்ப வழி வருவது என்று மேலே கண்டோம். ஒருவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை "எனக்கும் இதே காய்ச்சல்தான்" என்று மற்றவர் எடுத்து உண்ணும் வழக்கத்தையும் நம் வீடுகள் விட்டொழிக்க வேண்டும்.

"வெள்ளையாய் வட்டமாய் இருக்கும்" மாத்திரைகள் கடையில் ஆயிரம் உண்டு. அவற்றுள் ஒன்று ஒருவரது காவலரைத் தட்டியெழுப்பியிருக்கிறது. அவர்கள் அதை மறந்திருக்கமாட்டார்கள். அதன் பெயரை நாமும் மறவாதிருப்போம். இந்த மாத இதழைப் படித்து முடித்தவுடன், இல்லத்தில் மருந்து உண்போர் ஒவ்வொருவரிடமும் அவர்களுக்கு ஒவ்வாத மருந்து ஏதேனும் உண்டா எனக் கேட்டு, பெயர் தெரியாவிடின் அடுத்த முறை மருத்துவரிடம் வினவி எழுதி வைப்பீர்களாக.